ஊருக்குச் சக்குபந்தி எழுதுவது எப்படி: சிற்றூரில் ஒரு வரலாற்றுக் குழு நடத்துகிறவர்களுக்கு

நான் திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்தில் பத்திரம் எழுதுகிறவன். முப்பத்தொரு வருடமாக இதுதான் தொழில். வருகிறவர்கள் கொண்டுவரும் மூலப்பத்திரத்தைப் படித்து, சொத்து விவரத்தைப் புதுப் பத்திரத்தில் பிசகாமல் ஏற்ற வேண்டும். அதில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதும் பகுதி சக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு எல்லை. இன்னார் புஞ்சைக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னார் கிணற்று மேட்டுக்குத் தெற்கு, இதன் மத்தியில் இத்தனை செண்ட். இந்த நாலில் ஒன்று தப்பினாலும் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடக்கும்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் பாகப்பிரிவினைக்கு வந்தது. அவர்கள் கொண்டுவந்த பழைய கிரயப் பத்திரத்தில், கிழக்கு எல்லை 'வேடியப்பன் கல்லுக்கு மேற்கு' என்று இருந்தது. "இந்தக் கல்லு இப்பவும் இருக்குதாம்மா?" என்று கேட்டேன். "இருக்குது சார், கெணத்து மேட்டுல. பொங்கலுக்குப் பொங்கல் படையல் போடுவோம்" என்றார் அந்த அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல். எண்ணெயும் மஞ்சளும் அப்பிய பரப்பில் வில் பிடித்த ஒரு ஆள். அவன் தலைக்கு மேலே வரிவரியாகக் கீறல். ஒரு எழுத்தும் எனக்குப் படிக்க வரவில்லை. ஆனால் அது எழுத்து என்பது தெரிந்தது. எங்கள் குழு அந்தக் கிணற்று மேட்டில்தான் ஆரம்பித்தது.

செங்கத்தைச் சுற்றி இப்படி ஒரு கல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சேயாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர் சங்க காலத்தில் செங்கண்மா, நன்னன் என்ற குறுநில மன்னனுடைய ஊர். அவனிடம் பரிசில் வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் சங்கப் பாட்டான மலைபடுகடாம், மறவரின் பெயர் எழுதி நட்ட கற்கள் நிற்கும் கிளைவழிகள் நிறைய உண்டு என்று எச்சரிக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இந்த வட்டாரத்து நடுகற்களை மட்டும் தொகுத்து 1972-ல், இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்தபோது, தனி நூலே கொண்டுவந்தது. அத்தனை வேலைக்குப் பிறகும் எங்கள் கிணற்று மேட்டுக் கல் அந்தத் தொகுப்பில் இல்லை. துறை ஒவ்வொரு வரப்புக்கும் வர முடியாது. வரப்பில் தினமும் நடக்கிறவர்கள் நாம்.

வேறு ஊர்களில் ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்காக, நாங்கள் செய்து பார்த்துத் தேறியதை எழுதுகிறேன். அத்தனைக்கும் அடிப்படை என் தொழிலில் இருக்கும் அதே பழக்கம்தான். எதைப் பார்த்தாலும், யார் எதைச் சொன்னாலும், அதற்கு எல்லை எழுதிவிடுங்கள்: எங்கே, யார் சொன்னது, என்றைக்கு, பக்கத்தில் என்ன இருக்கிறது. எல்லை இல்லாத நிலம் கைமாறிவிடுவது போல, எல்லை எழுதாத சேதியும் பத்து வருடத்தில் யாருடைய கற்பனையாகவோ மாறிவிடும்.

யாரைச் சேர்ப்பது

படித்தவர்களைத் தேடி அலைய வேண்டாம். ஊரை நடந்தே அறிந்தவர்களைத் தேடுங்கள். எங்கள் முதல் ஏழு பேரில் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர், பால் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், கூத்துக் கட்டுகிற ஒருவர், அரசுப் பள்ளி ஆசிரியை, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அப்புறம் நான். பால் வண்டிக்காரருக்குத் தெரியாத குக்கிராமம் கிடையாது. சர்வேயர் புலப்படத்தைப் பார்த்து, கல் எந்த சர்வே எண்ணில் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆசிரியையும் அந்தப் பெண்ணும் இல்லாவிட்டால் பாதி வீடுகளில் நடையோடு திரும்பியிருப்போம். அடுப்படி வரை போய்ப் பேசும் உரிமை அவர்களுக்குத்தான் கிடைத்தது.

சங்கமாகப் பதிவு செய்ய அவசரப்படாதீர்கள். முதல் வருடம் ஒரு நோட்டும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பணம் புழங்க ஆரம்பித்தால், அல்லது நன்கொடை வாங்கும் நிலை வந்தால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிந்த பிறகு வருடாவருடம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். அதை மறந்துபோய், பதிவுச் சான்றிதழை மட்டும் பிரேம் போட்டு மாட்டி வைத்திருக்கும் சங்கங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கஷ்டப்படும். கணக்கு எழுத ஒருவர் கிடைத்த பிறகு பதியுங்கள்.

பதிவேடு

கம்ப்யூட்டர் பிறகு வரட்டும். முதலில் கெட்டி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், ஒரு எண். அந்த எண்ணை எக்காலத்திலும் மாற்றக்கூடாது, இன்னொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. எங்கள் முதல் பக்கத்தை அப்படியே தருகிறேன். நிலக்காரர் பெயரையும் எண்களையும் மட்டும் எடுத்துவிட்டேன்.

'எண் 1. பொருள்: எழுத்துள்ள பலகைக் கல். ஊரார் அழைக்கும் பெயர்: வேடியப்பன். இடம்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண், வடகிழக்கு மூலை. கிழக்கே பழைய ஏற்றக் கிணறு, இப்போது மோட்டார். மேற்கே வேர்க்கடலைப் புஞ்சை. வடக்கே ஓடை. தெற்கே பனை மூன்று. கல் பார்க்கும் திசை: கிழக்கு. தரைக்கு மேல் உயரம் 94 செ.மீ., அகலம் 71. காட்டியவர்: நிலத்துக்காரரின் மனைவி. அவர் சொன்னது: மாமியார் காலத்தில் சாய்ந்து கிடந்தது, மாமனார் நிமிர்த்தி வைத்தார். வழிபாடு: காணும் பொங்கல், குழந்தைக்கு முதல் மொட்டை. பார்த்தவர்கள், தேதி, கையெழுத்து.'

பாருங்கள், இதில் 'பல்லவர் காலம்' என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. தெரியாததை எழுதவில்லை. 'மாமனார் நிமிர்த்தி வைத்தார்' என்பதை எழுதினோம். கல் நின்ற திசையை வைத்து யாராவது ஏதாவது முடிவு கட்டுவதற்கு முன்னால், அது ஒருமுறை விழுந்து எழுந்த கல் என்பது அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. சர்வே எண்ணும் நாலு எல்லையும் கட்டாயம். போன் சில இடங்களில் பத்திருபது அடி தள்ளிக் காட்டும். பனைமரத்தையும் வெட்டிவிடுவார்கள். ஒன்று போனால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்பதற்காகத்தான் நாலு எல்லை. போட்டோவில் அளவு தெரிய டேப்பை விரித்து வையுங்கள். டேப் இல்லையா, பத்து ரூபாய் நாணயத்தைக் கல்லின் அடியில் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

பழைய பத்திரங்களில் தேடுவது

நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது. ஊர் வரலாறு என்றால் கோயில், கோட்டை என்று போகிறார்கள். பீரோவுக்கு அடியில் துணிப்பையில் சுருட்டி வைத்திருக்கும் பத்திரத்தில் ஊரே இருக்கிறது. மூடிப்போன வாய்க்கால், இல்லாமல் போன சாவடி, வீடாகிவிட்ட செக்குமேடு, எல்லாம் எல்லைகளாக வந்துகொண்டே இருக்கும். ஒரே பகுதியின் பத்துப் பதினைந்து பத்திரங்களை வரிசையாக வைத்து எல்லைகளை ஒட்டினால், எந்த வரைபடத்திலும் இல்லாத பழைய ஊர் எழுந்து நிற்கும். எங்கள் பேட்டைத் தெரு ஒன்றை அப்படி ஒரு பெரிய காகிதத்தில் வரைந்தோம். அந்தத் தெருப் பெரியவர்கள் வந்து பார்த்து, விட்டுப்போன இரண்டு கிணறுகளை அவர்களே பென்சிலால் போட்டுக் கொடுத்தார்கள்.

படிக்க ஆரம்பிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் வருடம். பழைய கணக்குகளிலும் பத்திரங்களிலும் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள். பசலி ஜூலை முதல் தேதி பிறக்கும் என்பதால், பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தமிழ் வருடமும் கூடவே இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். 1890 சித்திரையில் பிறந்தது விகிருதி, 1891 சித்திரையில் பிறந்தது கர. பசலி 1300, ஐப்பசி மாதம் என்று போட்டுவிட்டு வருடம் கர என்றிருந்தால் எங்கோ பிசகு இருக்கிறது. முத்திரைத்தாளில் இருக்கும் தலையும் துணைக்கு வரும். விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை.

அளவுகள் பழைய தமிழ் எண்களில் இருந்தால் மிரள வேண்டாம். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. இதே மா, காணி நில அளவின் பெயராகவும் வரும், எந்தப் பொருளில் வருகிறது என்று முன்பின் வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 'பைமாஷ் நம்பர்' என்று இருந்தால் அது பழைய அளவை எண், இன்றைய சர்வே எண் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு வேறு வயலில் நின்று கல்லைத் தேடியவர்கள் உண்டு.

காகிதத்தைக் கையாளும் முறை. லேமினேஷன் போடவே போடாதீர்கள். அந்தச் சூட்டையும் பசையையும் பிறகு எடுக்க முடியாது. எங்கள் ஊரில் 1890-களின் பத்திரம் ஒன்றை ஆசையாக லேமினேஷன் செய்து கொண்டுவந்தார்கள். மை பழுப்பாகிப் பாதி வரி போய்விட்டது, பிளாஸ்டிக்குக்குள்ளே கை வைக்க வழியில்லை. செல்லோ டேப்பும் வேண்டாம். நாளானால் மஞ்சள் கறையைக் காகிதத்தில் இறக்கிவிட்டு உரிந்து வரும். மடிப்பில் கிழிகிறதா? மடிப்பைப் பிரித்து, தட்டையாக, சுத்தமான வெள்ளைக் காகிதத்துக்கு நடுவே வைத்து, ஒரு பெட்டியில் படுக்க வையுங்கள். தரையில் வேண்டாம், கரையான் வரும். பரணும் வேண்டாம், ஓட்டுச் சூடு. நடு அலமாரிதான் நல்ல இடம்.

எழுத்துக் காகிதத்தை ஸ்கேன் செய்ய 300 டிபிஐ போதும், புகைப்படத்துக்கு 600. பொடிந்து உதிரும் காகிதத்தை ஸ்கேனரில் கவிழ்க்காதீர்கள். சன்னல் ஓர நிழலில் மேசை மேல் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் எடுங்கள். அப்புறம் ஒரு விதி, எங்கள் குழுவில் இதை மீறியவர் யாரும் இல்லை: வாங்கிய பத்திரத்தை அன்று பொழுது சாய்வதற்குள் அதே கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருநாள் தாமதித்தால் ஊரில் எந்த வீட்டுப் பீரோவும் திறக்காது. சொத்து பயம் அப்படி. அந்த பயம் நியாயமானதும்கூட.

ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களே எண்ணெய் பூசாதீர்கள், கட்டை அவிழ்க்காதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கல்லுக்கு முன்னால் நிற்கும்போது

முதலில் செருப்பைக் கழற்றுங்கள். ஒரு ஆயா எங்களிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அது எங்க வேடியப்பன் சாமி. நீங்க கல்லுன்னு சொல்லாதீங்க." அன்றிலிருந்து அவர்கள் எதிரில் நாங்கள் நடுகல் என்று சொல்வதில்லை, வேடியப்பன் என்றுதான் சொல்வோம். இந்தப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் சாமிகளில் பல, மாடு மீட்கப் போய் மாண்ட ஒருவனுக்கு நட்ட கல். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருடமாகச் சில கற்கள் நிலைத்திருக்கின்றன என்றால் அதற்கு ஒரே காரணம், யாரோ ஒரு குடும்பம் விடாமல் எண்ணெய் வைத்ததுதான். அவர்களிடமிருந்து கல்லைக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை. அவர்களோடு சேர்ந்து காப்பாற்றுவதுதான் வேலை.

இதை நாங்கள் ஒரு கல்லை இழந்து கற்றோம். இரண்டாவது வருடம், மேற்கே ஒரு சிற்றூரில் ஐந்து வரி எழுத்துள்ள கல்லைப் பார்த்தோம். நேரமாகிவிட்டது என்று அவசரமாக ஒரே ஒரு போட்டோ, அதுவும் உச்சி வெயிலில். பூசை போடும் வீட்டாரிடம் பேசாமல் வந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்துப் போனால் புது மண்டபம், கும்பாபிஷேகம் முடிந்து மாவிலை காய்ந்து தொங்குகிறது. கல்லைச் சிமெண்டில் நட்டு, சுற்றி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கீழ் மூன்று வரி சிமெண்டுக்குள். அவர்கள் சாமிக்கு நல்லது செய்வதாக நினைத்து, கடன் வாங்கிச் செய்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசாதது எங்கள் தவறு.

அதனால் இப்போது முறை இது. முதல் நாள் போட்டோவே எடுப்பதில்லை. உட்கார்ந்து சாமி கதையைக் கேட்போம். இரண்டாவது முறை, அனுமதி வாங்கி, அவர்களையே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சொல்வோம். வெறும் தண்ணீர், தேங்காய் நார் இல்லாத மெத்தென்ற பிரஷ், அவ்வளவுதான். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் கூடாது. எழுத்து தெரிவதற்காக மைதா மாவோ சாக்பீஸோ தடவுகிற வழக்கம் உண்டு. ஆரம்பத்தில் நாங்களும் செய்தோம், விட்டுவிட்டோம். மாவுக்கு எறும்பும் பூஞ்சையும் வரும், குழியில் போனது முழுதாக வெளியே வராது.

அதைவிட நல்ல வழி இருக்கிறது, செலவும் இல்லை. இருட்டிய பிறகு போங்கள். போனை ஸ்டாண்டில் கல்லுக்கு நேராக அசையாமல் நிறுத்துங்கள். ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், பரப்பை ஒட்டினாற்போல் படுக்கை வாட்டில் பிடிக்க வேண்டும். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வரி எழும்பி வரும். முதல்முறை பார்த்தபோது எங்கள் கூத்துக்காரர், "திரை விலகுற மாதிரி இருக்குதுங்க" என்றார். டார்ச்சைச் சுற்றி எட்டுத் திசையிலும் வைத்து எட்டுப் படம் எடுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் குறுக்குக் கோடுகள் தெரியும், பக்கத்திலிருந்து அடித்தால் நெடுக்குக் கோடுகள். ஒரு எழுத்தைப் படிக்க இரண்டும் வேண்டும்.

ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் அடித்து, மை ஒற்றிப் படி எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை. அதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். இந்தக் கற்களில் இருக்கும் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தையும் நீங்கள் ஒரே வருடத்தில் படித்துவிட முடியாது. ஆனால் சில சொற்களைப் பழகிக்கொள்ளலாம். பல்லவர் காலக் கற்களில் பல 'கோவிசைய' என்று ஆரம்பிக்கும். அடுத்து அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, தலைவன் பெயர், 'தொறு' என்ற சொல், அதாவது கால்நடைக் கூட்டம், கடைசியில் 'பட்டான் கல்'. செதுக்கியிருக்கும் ஆளின் காலடியில் கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே பழைய கற்களில் அது அடிக்கடி வரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கல் எடுத்தனூர்க் கல். தண்டராம்பட்டுப் பக்கம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சி ஆண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்குப் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. மாமல்லபுரத்தைச் செய்தவர்களின் பெயர் கேட்டால் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது, இங்கே ஒரு மந்தை நாயின் பெயர் அப்படியே இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளில் ஒன்றாவது மறுநாள் வந்து, "சார், எங்க நெலத்துலயும் ஒரு கல்லு இருக்குது" என்று சொல்லும்.

பெரியவர்களிடம் கேட்பது

'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்றுதான் பதில் வரும். கேள்வியும் எல்லையோடு இருக்க வேண்டும். உங்கள் தெருவில் முதல் மோட்டார் யார் போட்டது? சாத்தனூர் அணை கட்டும்போது வீட்டிலிருந்து யாராவது வேலைக்குப் போனார்களா? ஏரி மதகைத் திறக்கும் உரிமை எந்த வீட்டுக்கு? பாரதக் கூத்தின் முடிவில் நடக்கும் படுகளத்தில் துரியோதனன் மண் உருவத்தைச் செய்ய எந்த இடத்து மண் எடுப்பார்கள்? இப்படிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

வருடத்தில் கவனம் வேண்டும். 'தாது வருஷத்துல' என்று ஒரு ஆயா ஆரம்பித்தவுடன் எங்கள் மாணவி 1876-ன் பஞ்சம் என்று எழுதிவிட்டாள். தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936-லும் தாது வந்தது. மெதுவாக விசாரித்தால், ஆயா தன் அக்கா பிறந்த வருடத்தைச் சொல்கிறார். பாட்டியின் பாட்டி கஞ்சித்தொட்டிக்குப் போனது தனிக் கதை, அதுவும் தாது. இரண்டையும் இரண்டு பக்கத்தில் எழுதினோம். எப்போதும் 'அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளை?' என்று கேட்டு வருடத்தைக் கட்டிப்போடுங்கள்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். முதலில் உங்கள் குரலில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், சம்மதம் எல்லாம் வர வேண்டும். சாதிச் சண்டை, சொத்துத் தகராறு, வீட்டுப் பெண்களின் கதை வந்தால் முடிந்தபிறகு கேளுங்கள்: இதை வெளியே போடலாமா, வைத்துக்கொள்ள மட்டுமா? 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

சட்டம்

சுருக்கமாக. எந்தக் கல்லையும் சிலையையும் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள், 'பாதுகாக்க' என்றாலும் கூடாது. மண்ணுக்கடியில் காசோ பாத்திரமோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவே எழுதிக் கொடுத்துவிடலாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம் முதலானவை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், சுவடிகளுக்கு 75 வருடம். தோண்டவே கூடாது. கடப்பாரையைக் கையில் எடுத்தால் அது வரலாற்றுக் குழு இல்லை.

ஊரோடு பகிர்வது

கண்டதைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருக்கும். எங்கே என்பதைச் சொல்லும் முன் யோசியுங்கள். ஒருமுறை ஒரு கல்வட்டத்தை, அதாவது பழங்கால ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக நட்ட கற்களை, பற்றிய செய்தியில் கிராமம், ஓடை, தோப்பு என்று முழு அடையாளமும் எங்கள் வாயாலேயே போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் புதையல் தேடி யாரோ நடுவில் ஆள் உயரக் குழி வெட்டிவிட்டார்கள். இப்போது சர்வே எண்ணும் எல்லைகளும் பதிவேட்டில் மட்டும், வெளியே ஒன்றியத்தின் பெயர் மட்டும். புதிதாகக் கிடைத்த எழுத்தைத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கிறோம். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழும் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளை வாங்கி வெளியிடுகிறது.

ஊருக்குள்ளே சொல்வதற்கு எங்களுக்குப் பலித்த வழி கண்காட்சிதான். ஏப்ரல் 18 உலக மரபு தினம், கோடை விடுமுறைக்கு முன்னால் வருகிறது, வசதி. பள்ளியில் கயிறு கட்டி, பத்திரங்களின் நகலையும் பழைய கல்யாணப் போட்டோக்களின் நகலையும் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். அசல் எதுவும் வைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டில் ஒரு சொல் கட்டாயம்: 'எழுதியிருக்கிறது' அல்லது 'சொல்கிறார்கள்'. 1767 செப்டம்பரில் செங்கம் கணவாயில் ஹைதர் அலி படைக்கும் கர்னல் ஜோசப் ஸ்மித் படைக்கும் சண்டை நடந்தது எழுதியிருக்கிறது. அந்தச் சண்டையில் செத்த குதிரையைப் புதைத்த மேடு என்று ஒரு மேட்டைக் காட்டுவது சொல்கிறார்கள். இரண்டுக்கும் மரியாதை உண்டு. ஒன்றை மற்றொன்றாக ஆக்கினால்தான் பிரச்சினை.

போட்டோக்களுக்குப் பக்கத்தில் பென்சில் கட்டி வையுங்கள். யாரென்று தெரியாத முகங்களுக்கு ஊரே பெயர் எழுதிக் கொடுக்கும். முதல் வருடமே பதினெட்டு முகங்களுக்குப் பெயர் கிடைத்தது.

நமக்குப் பிறகு

தனி ஒருவரின் சேமிப்பு அவரோடு போய்விடுவதுதான் வழக்கம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் நோட்டீஸ்களும் தப்பித்து, 1994-லிருந்து சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்காது. அதனால் பதிவேட்டை வருடம் ஒருமுறை முழுதாக ஜெராக்ஸ் எடுத்து, ஒன்று குழுவிடம், ஒன்று பள்ளியில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறுப்பினர் வீட்டில். ஸ்கேன்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒவ்வொரு ஆடிப் பெருக்கன்றும் திறந்து பார்க்கிறோம். தேதி மறக்காமல் இருக்க அந்த நாளை வைத்துக்கொண்டோம். கோப்புப் பெயரிலேயே பதிவேட்டு எண் இருக்கட்டும். 'புதுசு 2', 'ஃபைனல்' என்று பெயர் வைத்தால் அடுத்த தலைமுறை தேடியே களைத்துவிடும்.

கிணற்று மேட்டு வேடியப்பனுக்கும் போன வருடம் மண்டபம் கட்டினார்கள். இந்தமுறை அஸ்திவாரம் போடும் முன்பே எங்களைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி, அந்த அம்மா, அவர் மகன், சர்வேயர், நான் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். கல்லை அசைக்காமல் சுற்றி மட்டும் மேடை, எழுத்து இருக்கும் மேல்பகுதிக்குப் பெயிண்ட் இல்லை, எண்ணெய் காலடியில் மட்டும். முதல் பக்கத்தில் 'தெற்கே பனை மூன்று' என்று இருந்ததை அந்த அம்மாவின் பேத்தி படித்துவிட்டு, "இப்போ ரெண்டுதான் தாத்தா" என்றாள். பேனாவைக் கொடுத்தேன். பழைய வரியை அடிக்காமல், கீழே தேதி போட்டு, 'பனை இரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.